வல்லின றகரம்

ஓர் எழுத்துப் பிழையால் ஒரு பையனுடைய உத்தியோகம் போயிற்று. பிழையைச் செய்தவன் அவன் அல்ல. கண்டுபிடித்தவனும் அவன் அல்ல. கண்டுபிடித்த புண்ணியவான் நான்தான். ஆகவே இதைச் சொல்லித் தீர்க்க வேண்டிய கடமையும் என் தலையில் விழுந்திருக்கிறது.

என் தங்கை மகன் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் மென்பொருள் காரியாலயம் வைத்திருக்கிறான். 1949-ல் சைக்கிள் கம்பெனி வந்தது, 1959-ல் டயர் கம்பெனி வந்தது, 1960-களில் தொழிற்பேட்டையும் வந்தது. அதற்கப்புறம் அம்பத்தூர் என்றால் இரும்பு என்று அர்த்தமாகிவிட்டது. எங்கள் காலத்தில் அங்கே காற்றிலேயே எண்ணெய் வாசனை அடிக்கும். இப்பொழுது அந்த இடங்களில் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பி, கழுத்தில் அட்டை மாட்டிய பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் போய் வருகிறார்கள். என் மருமான் அந்த ரகம் அல்ல. கீழே தகடு வெட்டும் பிரஸ் ஷாப். மேலே மாடியில் அவனும் பதினோரு பேரும். கீழே 'டொம்' என்று ஓர் அடி விழுந்தால் மேலே தம்ளரில் காப்பி நடுங்கும். பட்டறைக்காரர்களுக்கு என்ன கம்பி வந்தது, எத்தனை உருப்படி போயிற்று, கழிவு எவ்வளவு, யார் பாக்கி என்று கணக்கு வைக்கும் மென்பொருள் ஒன்றை ஆறு வருஷமாய் இழைத்து இழைத்து உண்டாக்கியிருக்கிறான். திரையில் எல்லாம் தமிழ். அதில் அவனுக்கு ஒரு பெருமை, எனக்கும்தான்.

2023-ல் ஆயுத பூஜைக்கு அழைத்திருந்தான். கணினிகளுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். 'சர்வர்' என்ற கறுப்புப் பெட்டிக்கு மட்டும் தனியாக ஒரு முழம் கதம்பம். வாடிக்கைக்காரர்கள், எதிர்க்கடைக்காரர்கள், கீழ்வீட்டு பிரஸ் ஷாப் முதலாளி என்று நாற்பது பேருக்குக் குறையாமல் கூட்டம். பொரி, கடலை, சுண்டல். முருகன் காலண்டருக்குக் கீழே ஒரு காகிதத்தில் 'வைஃபை' கடவுச்சொல்லைக் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தான். வந்தவர்கள் பொழுது போகாமல் திண்டாடக் கூடாதாம். நானும் என் கைபேசியில் அதைப் போட்டுக்கொண்டேன். இது ஞாபகமிருக்கட்டும்.

பூஜை முடிந்து திரையைக் காட்டினான். எனக்கு முதலில் கண்ணில் பட்டது ஒரு தலைப்பு.

"டேய், 'கையிறுப்பு' என்று போட்டிருக்கிறாயே! வல்லின றகரம் போட்டால் கடனை இறுக்கிற இறுப்பு. கையில் இருப்பதற்கு இடையின ரகரமடா."

"ஆறு வருஷமாய் நூறு பட்டறைக்காரர்கள் பார்க்கிறார்கள், மாமா. ஒருத்தர்கூடச் சொன்னதில்லை."

"அவர்கள் கையிருப்பைப் பார்ப்பார்கள். எழுத்தையா பார்ப்பார்கள்?"

சிரித்தான். பொங்கலுக்கு அப்புறம் திருத்தியும் விட்டான்.

2024-ல் ஆடி மாதம் திருமழிசைத் தொழிற்பேட்டையிலிருந்து ஒரு வாடிக்கைக்காரர் கூப்பிட்டார். பூந்தமல்லியைத் தாண்டி இருக்கிறது, ஆழ்வார் பிறந்த அந்த ஊர். யாரோ ஓர் ஆசாமி வந்து, பாதி விலைக்கு ஒரு மென்பொருள் தருகிறேன் என்று காட்டிவிட்டுப் போனானாம். "உங்களுடையது மாதிரியே இருக்கிறது, தம்பி. பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அந்த மனிதர் திரையைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். வர்ணம் வேறு, பெயர் வேறு. ஆனால் நடுவில் கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்தது, 'கையிறுப்பு'.

இப்படி ஒரு சாட்சி துப்பறியும் நாவலில்கூடக் கிடைக்காது. பிழை இருக்கிறது, ஆகவே நகல் எடுத்தது பொங்கலுக்கு முன்னால். மருமான் என்னிடம் ஓடி வந்தான். கதை எழுதுகிறவன் என்றால் மனிதர்களின் மனத்தைப் படித்துவிடுவான் என்று ஒரு மூடநம்பிக்கை குடும்பங்களில் உண்டு. இருவரும் உட்கார்ந்து பதினோரு பேரையும் ஒவ்வொருவராக நிறுத்தி விசாரித்தோம், அவர்கள் இல்லாமலே. திருநின்றவூர்ப் பையன் ஒருவன் ராத்திரி ஒன்பது மணி வரை இருப்பான். அந்தத் திருமழிசைப் பட்டறையில் மென்பொருளைப் பொருத்திக் கொடுத்தவனும் அவன்தான். தை மாதம் புது மோட்டார் சைக்கிள் வாங்கியிருக்கிறான்.

மோட்டார் சைக்கிள்! கதாசிரியனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? "பணம் எங்கேயிருந்து வந்ததாம்?" என்று நான் கேட்டேன். கேட்டது நான்தான், மருமான் அல்ல.

மறுநாள் அவன் சத்தம் கித்தம் ஒன்றும் போடவில்லை. "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்றான். பையன் ஒரு நிமிஷம் நின்றானாம். ஏதோ சொல்ல வாயெடுத்தவன் சொல்லாமலே பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டானாம். குற்றவாளி என்றால் அப்படித்தான் போவான் என்று எங்களுக்குள் தீர்ப்பும் சொல்லிக்கொண்டோம்.

இனிமேலாவது ஜாக்கிரதையாக இருக்கலாம் என்று ஆவடியிலிருந்து ஓர் அம்மாளை வரவழைத்தான். பெரிய கம்பெனிகளில் இருந்தவள். இப்போது இப்படிப்பட்ட சின்னக் காரியாலயங்களுக்குப் பாதுகாப்புச் செய்து கொடுக்கிறாள். நானும் அன்று வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். அவள் பூட்டைப் பற்றிப் பேசவே இல்லை. முதலில் கேட்டது ரிஜிஸ்தரை. "மார்கழியில் இந்தப் போல்டரை யார் யார் திறந்தார்கள்? காட்டுங்கள்."

மருமான் காட்டினான். தேதி, மணி, நிமிஷம் எல்லாம் ஒழுங்காக இருந்தன. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அட்மின், அட்மின், அட்மின்.

"யார் இந்த அட்மின்?"

"எல்லோரும்தான், மேடம். பன்னிரண்டு பேருக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. நாங்கள் எல்லாம் ஒரு குடும்பம் மாதிரி."

அந்த அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் என் பக்கம் திரும்பி, "ஐயா, உங்கள் போனைக் கொஞ்சம் தருகிறீர்களா?" என்றாள். கொடுத்தேன். அது பழைய ஞாபகத்தில் தானாகவே அந்த வைஃபையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் இரண்டு மூன்று இடத்தில் தட்டினாள். தினமும் நகல் எடுத்து வைக்க ரூட்டரில் ஒரு தட்டைப் பெட்டியைச் செருகி வைத்திருந்தார்கள். அதற்குக் கடவுச்சொல்லே கிடையாது. என் கைபேசியில், பேத்தியின் பிறந்தநாள் படங்களுக்குப் பக்கத்திலே, ஆறு வருஷ உழைப்பும் வரிசையாக வந்து நின்றது. திறந்தால் திறந்தது. "அழித்தாலும் அழியும். பார்க்கிறீர்களா?" என்றாள். மருமான் அவள் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தான்.

ஆக, ஆயுத பூஜையன்று பொரி தின்ற நாற்பது பேர் கையிலும் அந்தப் போல்டர் இருந்திருக்கிறது. அதில் நானும் ஒருவன். திருமழிசைக்கு விற்றவன் நான் இல்லை என்று நிரூபிக்க இன்றைக்கும் என்னிடம் எந்த ஆதாரமும் கிடையாது. எனக்கு மோட்டார் சைக்கிள் இல்லை என்பது ஒன்றுதான் பாக்கி.

அன்று வீட்டுக்கு வந்ததும் எனக்கு என் பழைய உத்தியோகம் நினைவு வந்தது. நான் எழுத்தை நம்பிப் பிழைக்கத் தொடங்குவதற்கு முன்னால், 1970-களில், அதே தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் வரைபட அறையில் குமாஸ்தாவாக இருந்தேன். மெழுகுக் காகித மூலப்படங்கள் எல்லாம் இரும்பு அலமாரியில். யார் கேட்டாலும் ரிஜிஸ்தரில் எண், மணி, கையெழுத்து. தலைமை இன்ஜினீயரே வந்தாலும் பேனாவை நீட்டுவேன். அவர் முறைப்பார்; போடுவார். ஒரு தடவை ஒரு வார்ப்பின் மூலப்படம் காணாமல் போயிற்று. அலமாரிச் சாவி என்னிடம். ஊரே என்னைப் பார்த்தது. ரிஜிஸ்தரைப் புரட்டினால் கடைசிக் கையெழுத்து அந்த இன்ஜினீயருடையது. படம் அவருடைய காரின் பின் ஸீட்டில் கிடந்தது. அந்த ஒரு கையெழுத்து இல்லாவிட்டால் நானும் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கியிருப்பேன். இத்தனை தெரிந்த நான்தான், மாடியில் உட்கார்ந்து மோட்டார் சைக்கிளைப் பற்றிக் கேட்டேன்.

கணினிகளுக்குக் கடவுச்சொல் வந்த கதையைத் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற கல்வி நிலையத்தில் 1961-ல் ஒரே பெரிய கணினியைப் பலர் ஒரே சமயத்தில் பங்கிட்டு உபயோகிக்க வழி செய்தார்கள். கொர்பாத்தோ என்பவர் தலைமையில் நடந்த காரியம். ஒருவர் கோப்பு இன்னொருவர் கையில் சிக்கக் கூடாதே என்று ஆளுக்கொரு கடவுச்சொல் கொடுத்தார்கள். அடுத்த வருஷமே ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர் அதை உடைத்தார். அவருக்கு வாரத்தில் நான்கு மணி நேரம்தான் கொடுத்திருந்தார்கள். போதவில்லை. கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பை அச்சடித்துக் கொடு என்று துளையட்டையில் ஒரு விண்ணப்பத்தை வெள்ளிக்கிழமை ராத்திரி போட்டுவைத்தார்; சனிக்கிழமை காலையில் போய் எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான் திருட்டு. அதற்குமேல் அவர் செய்ததுதான் சாமர்த்தியம். பாவம் தன் ஒருவன் தலையில் விடியக் கூடாதென்று மற்றவர்களுக்கும் கடவுச்சொற்களை விநியோகம் செய்துவிட்டார். பழி எல்லோர் மேலும் பரவிவிட்டால் யாரைப் பிடிப்பது? அவர் உண்மையை ஒப்புக்கொள்ளக் கால் நூற்றாண்டு ஆயிற்றாம்.

அவர் கஷ்டப்பட்டுச் செய்ததை என் மருமான் முதல் நாளே இலவசமாகச் செய்து வைத்திருந்தான்!

அதே இயந்திரத்தில் 1966-ல் இன்னொரு கூத்து. உள்ளே வருகிறவர்களை வரவேற்கும் வாசகம் ஒரு கோப்பு. கடவுச்சொற்கள் இன்னொரு கோப்பு. ஒரு குளறுபடியில் இரண்டும் இடம் மாறிவிட்டன. உள்ளே வந்த ஒவ்வொருவருக்கும் 'வாருங்கள்' என்பதற்குப் பதிலாக ஊரார் ரகசியம் முழுவதும் வந்து நின்றது. முருகன் காலண்டருக்குக் கீழே ஒட்டிய காகிதத்துக்கு இது அண்ணன்.

ஆவடி அம்மாள் ஒரு வாரம் வந்து போனாள். முதல் வேலையாக ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு கடவுச்சொல். அதோடு, உள்ளே நுழையும்போது கைபேசிக்கு ஓர் எண் வரும். அதையும் சொன்னால்தான் கதவு திறக்கும். பிறகு போல்டர்களைப் பிரித்தாள். யுனிக்ஸ் வழி வந்த கணினிகளில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்பது எழுத்துக் காவல் உண்டாம். உடையவன், அவனுடைய கூட்டம், ஊரார் என்று மூன்று ஜாதி. வாசிக்கலாமா, எழுதலாமா, இயக்கலாமா என்று ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி. போல்டருக்கு மட்டும் கடைசிக் கேள்வி 'உள்ளே நடக்கலாமா' என்று மாறும். எனக்கு உடனே புரிந்தது. எங்கள் பழைய வீட்டிலும் இதே கணக்குதான். திண்ணை யாருக்கும் உண்டு, கூடம் தெரிந்தவர்களுக்கு, சமையலறைக்கு அம்மாவின் உத்தரவு வேண்டும், நெல் குதிருக்குச் சாவி பாட்டியின் இடுப்பில். யாரும் அதை அவமரியாதையாக நினைத்ததில்லை. மருமகளுக்குச் சாவி வருகிற நாள் ஒன்று உண்டு. அது வந்ததும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஸால்ட்ஸர், ஷ்ரோடர் என்ற இருவர் 1975-ல் எழுதிய கட்டுரை ஒன்றில், எவனுக்கும் அவனவன் வேலைக்கு வேண்டிய அளவுக்கு மேல் அதிகாரம் தராதே என்பதை ஒரு விதியாகவே வைத்திருக்கிறார்கள். பாட்டி கட்டுரை எழுதவில்லை, அவ்வளவுதான்.

அறைக்கு அறை சுவர் எதற்கு என்பதற்கு நம் கூடங்குளமே சாட்சி. 2019-ல் அணுமின் நிலையத்தின் நிர்வாகக் காரியங்களுக்கான கணினி ஒன்றில் தீய நிரல் புகுந்துவிட்டது. அக்டோபர் 29-ந் தேதி அப்படியெல்லாம் இல்லை என்றார்கள். மறுநாளே ஆமாம் என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அணு உலையை நடத்தும் கணினிகள் அந்த வலையோடு சேராமல் தனியே இருந்தன. அங்கே ஒன்றும் இல்லை என்றும் சொன்னார்கள். கூடத்தில் வெள்ளம் வந்தது, குதிர் நனையவில்லை. மருமானும் இப்போது வருகிற விருந்தாளிக்கு ஒரு வைஃபை, வேலைக்கு ஒரு வைஃபை என்று வைத்திருக்கிறான். ரூட்டரில் இருந்த தட்டைப் பெட்டி போய்விட்டது. நகல் எடுப்பது நிற்கவில்லை. மறையெழுத்தாக மாற்றி, சாவியை வேறிடத்தில் வைத்து எடுக்கிறார்கள். பெட்டியையே ஒருவன் தூக்கிக்கொண்டு போனாலும் அவனுக்கு அது வெறும் தகடு.

நிரலை எழுதும் இடத்துக்கு 'கிட்' என்ற ஏற்பாட்டை முறையாக வைத்துக் கொடுத்தாள். யார் எந்த வரியை என்றைக்கு மாற்றினார்கள் என்று அது சொல்லும். அதைக் கேட்பதற்கு ஒரு கட்டளை இருக்கிறது; அதன் பெயர் என்ன தெரியுமா? 'பிளேம்'. பழி! வரி வரியாகப் பழியைப் பிரித்துக் கொடுக்கிற கட்டளை. வேடிக்கைப் பெயர்தான். ஆனால் பழியைச் சரியாகப் பிரிக்கத் தெரிந்த ஒன்று அந்த மாடியில் முன்பே இருந்திருந்தால் எங்கள் இருவர் வேலையும் மிச்சம்.

போலீஸுக்குப் போகலாமா என்று மருமான் யோசித்தான். சட்டம் இருக்கிறது. 2000-ல் வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் அனுமதி இல்லாமல் நகல் எடுத்தால் நஷ்ட ஈடு உண்டு. 2008-ல் திருத்தி, மூல நிரலைத் திருடுவதையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள். கெட்ட எண்ணத்தோடு செய்தால் மூன்று வருஷம் வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். 2002-ல் ஸாலிட்வொர்க்ஸ் என்ற அமெரிக்க மென்பொருளின் மூல நிரலை, மும்பையில் அதற்காக வேலை செய்த கம்பெனியின் பழைய ஊழியர் ஒருவர் விற்கப் பார்த்தார் என்று சி.பி.ஐ.யும் அமெரிக்க எஃப்.பி.ஐ.யும் சேர்ந்து டில்லியில் வலை விரித்துப் பிடித்தார்கள். வாங்குகிறவர் போல ஆளை அனுப்பிக் கையும் களவுமாக! எங்களிடம் இருந்ததோ ஒரு றகரமும் முப்பது பக்கம் அட்மினும். "இதைக் கொண்டுபோனால் முதலில் என்னைத்தான் விசாரிப்பார்கள்" என்று மருமானே கைவிட்டுவிட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, "திருநின்றவூருக்குப் போக வேண்டும், மாமா. நீங்களும் வாருங்கள்" என்றான். வராமல் எப்படி?

அது பூசலார் ஊர். கல்லும் மண்ணும் இல்லாமல் மனத்துக்குள்ளேயே சிவனுக்குக் கோவில் கட்டி முடித்தவர். இப்படி உள்ளேயே வைத்துக்கொண்டால் எவனும் நகல் எடுக்க முடியாது என்று ரயிலில் சொல்லிப் பார்த்தேன். மருமான் சிரிக்கவில்லை.

பையன் வீட்டில்தான் இருந்தான். வாசலில் அந்த மோட்டார் சைக்கிள். அவனுடைய தகப்பனார் எங்களை உட்காரச் சொன்னார். ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் 33 வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவர். ஓய்வில் வந்த பணத்தில்தான் மகனுக்கு வண்டி வாங்கிக் கொடுத்தாராம். கேட்காமலே சொன்னார். நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

மருமான் விஷயத்தை மறைக்காமல் சொன்னான். தப்பு தன்னுடையது, மன்னித்துக்கொள்ள வேண்டும், திரும்பி வர வேண்டும் என்றான்.

பெரியவர் மெதுவாகப் பேசினார். "எங்கள் கேட்டில் தினமும் சாயங்காலம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வெளியே வருவேன், ஐயா. புதிதில் கோபம் வரும். ஒரு நாள் உள்ளே ஏதோ சாமான் தொலைந்தது. எல்லோரையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். 'நேற்று என் டப்பாவைப் பார்த்தீர்களே' என்றேன். 'ஆமாம், நீ போ' என்று விட்டுவிட்டார்கள். அன்றைக்கு அப்புறம் நானே டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பேன்."

பையன் அதுவரை வாயைத் திறக்கவில்லை. இப்போது மருமானைப் பார்த்து, "சார், போன வருஷம் ஐப்பசியில் உங்களிடம் ஒன்று கேட்டேன். ஞாபகம் இருக்கிறதா?" என்றான்.

"என்ன?"

"எனக்குத் தனி லாகின் வேண்டும் என்று கேட்டேன். 'நாம் எல்லாம் ஒரு குடும்பம், எதற்குப்பா தனி லாகின்?' என்றீர்கள். அன்றைக்கு வெளியே அனுப்பும்போது அதைச் சொல்லலாம் என்றுதான் நின்றேன். தனி லாகின் எதற்குக் கேட்டாய் என்று அதையும் சந்தேகப்படுவீர்களோ என்று பயம் வந்துவிட்டது."

மருமானுக்கு ஞாபகம் இருந்தது. முகத்தைப் பார்த்தே தெரிந்தது. என்னிடம் அவன் இதை ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நான் என்ன நினைத்திருப்பேன் என்பதையும் யோசித்துப் பார்த்தேன். பையன் பயந்தது சரிதான்.

அவன் வருவதாக இல்லை. வேறிடத்தில் சேர்ந்துவிட்டானாம். சம்பளம் கொஞ்சம் குறைச்சல்தான். "முதல் நாளே என் பெயரில் லாகின் கொடுத்தார்கள், சார்" என்றான். அவன் தாயார் காப்பி கொண்டு வந்தாள். நல்ல காப்பி. மூவரும் குடிக்கிற சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை.

நாங்கள் எழுந்திருக்கும்போது பையன் உள்ளே போய்விட்டு வந்தான். கையில் ஒரு சாவி. காரியாலயத்து ஷட்டர் சாவி. ராத்திரி ஒன்பது மணி வரை இருப்பவன் அவன்தானே, பூட்டுகிறவனும் அவன்தான்.

"இதை யாரும் திரும்பக் கேட்கவில்லை, சார். தபாலில் அனுப்பலாமா, நேரில் வரலாமா என்று தெரியாமல் வைத்திருந்தேன்."

ரயிலில் கூட்டம் இல்லை. பட்டாபிராம் போயிற்று, ஆவடி போயிற்று. மருமான் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். அம்பத்தூரில் இறங்குகிற வரையில் அந்தச் சாவியை அவன் பையில் போடவே இல்லை.